திருமுக்குளத்துக் கரையைக் காக்க வாருங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பொதுமக்களே,

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள் மணல் வரத்தை மறித்தன. நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்பரப்பு கரைந்துபோய், பல ஆண்டுகள் கருங்கல் குவியலைத்தான் கடற்கரை என்று பார்த்தார்கள். ஓரிடத்தில் செய்த வேலை இன்னோரிடத்தின் கரையைத் தின்னும். கடல் இல்லாத நமக்கும் இது பொருந்தும். நமக்குக் குளக்கரையும் கண்மாய்க்கரையும்தான் கடற்சுவர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தமிழக அரசு முத்திரையில் இருப்பது நம் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்று வாதாடவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கோயில் குளமான திருமுக்குளத்தை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும் மண்டபம் இந்தக் கரையில்தான் இருக்கிறது.

குளத்துச் சுவர் ஏன் சரிகிறது? மழையில் ஊறிய மண் அதன் பின்னால் கனத்து நின்று தள்ளும். குளம் நிறைந்திருந்தால் உள்ளே கிடக்கும் தண்ணீரே சுவரைத் தாங்கிக்கொள்ளும். வற்றிய குளத்தில் அடைமழை பிடித்தால் தாங்க எதுவும் இல்லை. கல் துருத்தும், ஒருநாள் விழும். ஆகவே குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைப்பவர் தண்ணீரை மட்டுமல்ல, சுவரையும் சேர்த்தே சாய்க்கிறார். கரையோரம் லாரியை நிறுத்துவதும் அதே பாவம்தான்.

கல்லிடுக்கில் விரல் தடிமனுக்கு அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். வேரோடு கல்லும் வரும். விரிசலில் சிமென்ட் அப்புவதும் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். ஈரம் வடியத் துளை விட்டு, சுண்ணாம்பிலேயே பழுதுபார்க்கும்படி அதிகாரிகளிடம் கேட்போம். 

'இது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பாடு' என்று ராஜபாளையத்து அண்ணாச்சிமார் ஒதுங்க வேண்டாம். ஆடிப்பூரத் தேர்வடம் பிடிக்கிறவரிடம் யாரும் ஊர் கேட்பதில்லை. உங்கள் கண்மாய்களும் எங்களைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் தண்ணீரை நம்பித்தான் கிடக்கின்றன. அங்கேயும் கரையில் மண் எடுப்பதைத் தடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கூப்பிட்டால் நாங்களும் வருவோம்.

சாப்பாட்டு இலையையும் பிளாஸ்டிக் பையையும் படியில் வீசுவதை இன்றே நிறுத்துங்கள். கடைக்காரர்கள் வாசலில் ஒரு கூடை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு காலை 6 மணிக்கு, ஐப்பசி மழைக்கு முன்னால், வரத்துக்கால் துப்புரவுக்கு எல்லாரும் குளத்துப் படித்துறைக்கு வாருங்கள். மண்வெட்டியும் கூடையும் நாங்கள் கொண்டுவருகிறோம். சுவரில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அது கல்தச்சர் செய்ய வேண்டிய வேலை.