தடயம் பொய் சொல்லும்

குற்றவாளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு தடயத்தையாவது விட்டுவிட்டுத்தான் போவான், ஆள் பொய் சொன்னாலும் தடயம் பொய் சொல்லாது என்கிறார்கள். பல்லடம் பேருந்து நிலைய டீக்கடையில் தொடங்கி நீதிமன்ற வராந்தா வரை இதை நம்பாதவர்களைக் காண்பது அரிது. படித்தவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாக இருக்கிறது. இது தவறான நம்பிக்கை. அதற்காக மனிதர்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவை துப்பறியும் கதைகள். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், ரத்தக் கறையைக் கண்டறியும் புதுச் சோதனை ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடுதான் ஹோம்ஸ் நமக்கு அறிமுகமாகிறார். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் காவல்துறைக்கென ஆய்வகம் தொடங்கிய எட்மோன் லொக்கார், ஹோம்ஸ் கதைகளை மதித்துப் படித்தவர். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டும் என்ற கருத்து அவர் பெயரால் வழங்குகிறது. நம் பக்கம் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், கோவையிலிருந்து எழுதும் ராஜேஷ்குமாரின் விவேக் என்று ஒரு பெரிய வாசகக் கூட்டமே வளர்ந்தது. பேருந்து நிலையக் கடைகளில் கொடியில் தொங்கிய மாத நாவல்களால்தான் இந்தப் பகுதியில் பலருக்கு வாசிக்கும் பழக்கம் வந்தது. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கதைகள் பலவற்றில் ஆய்வக நண்பர் ஒருவர் போன் செய்வார், அடுத்த அத்தியாயத்தில் கொலையாளி பிடிபடுவான். அறிவியல் நடக்கும் விதம் அதுவல்ல.

லொக்காரின் கருத்தைப் பல்லடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இறந்தவரின் நகக்கண்ணில் ஒரு வெள்ளைப் பருத்தி இழை கிடைக்கிறது. கதையில் அது மில் தொழிலாளி ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கோ விசைத்தறிக் கூடத்தில் காடா ஓட்டுகிறவர் தலைமுடியிலும், பனியன் கம்பெனிக்குப் போய்வரும் பெண்ணின் துப்பட்டாவிலும், அவர்கள் ஏறி இறங்கும் பஸ் சீட்டிலும் அதே பஞ்சு. வெள்ளைப் பருத்தி இழை உலகில் எங்கும் கிடைப்பது என்பதால், இழைகளை ஒப்பிடும் நிபுணர்கள் அதற்குச் சான்று மதிப்பே தருவதில்லை. இந்த ஊரில் அதைத் தடயம் என்று எடுத்துக்கொண்டால் ஊரில் பாதிப்பேரைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ரத்தமும் அப்படித்தான். இருட்டில் நீலமாக ஒளிரும் லூமினாலைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்திலும் ஒளிரும். சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் சூழ்ந்த வட்டாரம் இது. அந்த ஒளி உண்மையிலேயே ரத்தத்தால் வந்திருந்தாலும், மனித ரத்தமா கோழி ரத்தமா என்று அந்தச் சோதனை சொல்லாது. அதைப் பிரித்தறிய 1901இல் ஜெர்மனியில் ஊலன்ஹுத் கண்டறிந்த முறையோ, அதற்குப் பின் வந்த வேறு சோதனையோ தேவை. கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடத்தில் ஒருவன் சட்டையில் ரத்தம் இருந்தது என்பது மட்டும் எதை நிரூபிக்கும்?

2024 நவம்பர் இறுதியில், பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். தனிப்படைகள் அமைத்துத் தேடியும் மாதக்கணக்கில் துப்பு துலங்கவில்லை. தனித்தனித் தோட்டங்களில் குடியிருப்பவர்கள் இரவானால் பயந்தார்கள். அந்த நாட்களில் ஊரில் அடிக்கடி கேட்ட பேச்சு, "லேப் ரிப்போர்ட் வந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிருமுங்க" என்பதுதான். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே, இதேபோல் ஒரு தோட்டத்து வீட்டில் இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அந்த வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு உண்டு என்று காவல்துறை அறிவித்தது. அவர்கள் குற்றவாளிகளா என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். ஆனால் ஆய்வக அறிக்கையில் ஒரு பெயர் வந்து நிற்கும் என்று காத்திருந்தவர்கள், ஆய்வகத்தின் வேலையையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆய்வகம் இரண்டை ஒப்பிடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கைதாகிப் பதிவான கை இல்லையென்றால், கிடைத்த கைரேகை பெயரில்லாத ரேகைதான். டிஎன்ஏவுக்கு அந்த வசதியும் கிடையாது. நாடு தழுவிய டிஎன்ஏ தொகுப்புக்காக 2019இல் கொண்டுவந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது.

இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு வேறு. ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதால், ஆய்வகத்துக்குப் போகும் முன் நடக்கும் எதையும் யாரும் கவனிப்பதில்லை. சாவு நடந்த வீட்டுக்கு ஊரே திரண்டு போவது நம் வழக்கம். உடலைத் தூக்கிக் கட்டிலில் போடுவார்கள், பீரோவைத் திறந்து நகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், குழந்தைகள் பார்க்க வேண்டாமென்று ரத்தத்தைக் கழுவிவிடுவார்கள். அவ்வளவும் அன்பினால் நடப்பது. பிறகு வரும் காவலர் மகஜர் எழுதி, வி.ஏ.ஓ.விடம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார். ஈரமான துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் நம் வெயிலுக்குப் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைத்து, அரக்கு முத்திரையிட்டு, நீதித்துறை நடுவர் வழியாக அனுப்ப வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மிஞ்சுவது தடயம்போலத் தோற்றமளிக்கும் ஒரு பொருள்தான்.

தேனி மாவட்டம் சுருளி அருவி அருகே 2011இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கை ஒவ்வொரு குற்றக்கதை வாசகரும் அறிந்திருக்க வேண்டும். கைதானவருக்கு 2018இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கில் டிஎன்ஏ அறிக்கை இருந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரிகள் யாரிடம், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. ஆய்வகம் போய்ச் சேர ஆன தாமதத்துக்கு விளக்கம் இல்லை. கலப்படம் நடக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. தடயம் பொய் சொல்லாது என்று நம்பியிருந்த ஒரு சமூகத்தில், அந்த மனிதர் ஏழு ஆண்டுகள் தூக்கை எதிர்நோக்கி இருந்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இன்றும் விடை இல்லை.

வெளிநாட்டு ஆய்வகங்களில் இப்படி நடக்காது என்பார்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை ஓரிகன் மாகாண வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அடித்துச் சொன்னது. அவர் கைதான பிறகு, அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது. ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரே ஆளோடு உறுதியாக இணைக்கும் திறன், டிஎன்ஏ தவிர வேறெந்த முறைக்கும் முறையாக நிரூபிக்கப்படவில்லை என்று 2009இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை சொன்னது.

ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. 1952இல் ரயில் பெட்டியில் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. இரண்டையும் மருத்துவ அறிவியல்தானே இணைத்தது? ஆம், இணைத்தது. ஆனால் மானாமதுரையில் டிரங்குப் பெட்டியைப் பத்திரப்படுத்தியவர்களும், தலையை மருத்துவக் கல்லூரிக்குச் சேர்த்தவர்களும், நேரில் பார்த்ததை நீதிமன்றத்தில் சொன்னவர்களும் இல்லாமல் அந்த அறிவியலால் எதையும் செய்திருக்க முடியாது. அவர்களின் கவனத்தைத்தான் நம் கதைகள் எழுதாமல் விட்டுவிட்டன.

குற்றக்கதை எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை, சம்பவ இடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை எழுதுங்கள் என்பதுதான். முத்திரை பிரிந்த ஓர் உறை, தேதி அடித்து எழுதிய பதிவேடு, மாதிரியைக் கையில் பிடித்தபடி பேருந்தில் போகும் காவலர் என்று எத்தனையோ இருக்கின்றன. கொலையாளி யார் என்பதைவிட அதிகப் பதற்றம் அங்கே உண்டு. வாசகர் சலிப்படைவார் என்ற பயம் வீண்.

சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. டிஎன்ஏ மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், அது கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும் என்று சுருளி தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஐந்தாண்டு முடியும்வரை பல்லடம் போன்ற ஊர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஊராட்சிக் கூட்டத்திலும் தோட்டத்துக்காரர்கள் கூடும் இடங்களிலும், சம்பவ வீட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று இன்றே சொல்லிவைக்கலாம். கைமாற்றுப் பதிவேட்டின் நகலை, முதல் தகவல் அறிக்கையைப் போலவே, இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுப் போடலாம்.