நகர் வந்தது, நகராட்சி வரவில்லை

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரை சாலையின் இருபக்கமும் பாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவதாக அரசுக் கணக்கு சொல்லும் பள்ளத்தாக்கு இது. அந்த வயலையும் தென்னந்தோப்பையும் ஒட்டி எல்லைக்கல் நட்டு, கொடி கட்டி, நுழைவு வளைவு எழுப்பி, ‘நகர்’ என்று ஒரு பெயர் சூட்டி மனை விற்பது இன்று வாடிக்கையாகிவிட்டது. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகலப் பாதையில் ரயில் வந்தது மனை வியாபாரிகளுக்கு இன்னொரு விளம்பர வாசகம். ஏலத்தோட்ட வேலையில் சேர்த்த காசு, ராணுவத்திலிருந்து வந்த ஓய்வூதியப் பணம், வளைகுடாவில் பிள்ளை அனுப்பிய தொகை, எல்லாம் இங்கே ஐந்து சென்ட், பத்து சென்ட் மனைகளாகவும் அவற்றின் மேல் வீடுகளாகவும் நிற்கின்றன.

அந்த வீடுகளுக்குள் இன்று ஒரு புழுக்கம் இருக்கிறது. வாசலுக்கு வந்து சந்தா கேட்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மீதான புழுக்கம். பக்கத்து வீட்டுக்காரரோடு பகை வேண்டாமே என்று வாய்விட்டுச் சொல்லாமல் பலர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்றும் ஒத்துழையாமை என்றும் சங்க நிர்வாகிகள் இதைத் தள்ளிவிடுவது தவறு. பொது வேலைக்குக் கொடுக்க மனமில்லாத ஊர் அல்ல இது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்து, பொங்கலன்று அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிற மண். இங்குள்ளவர்கள் வெறுப்பது கணக்கில்லாத வசூலையும், சட்டத்தில் இடமில்லாத அதிகாரத்தையும்தான்.

சங்கம் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்தே கோளாறு தொடங்குகிறது. மனை விற்ற புரமோட்டர் கடைசிப் பத்திரம் முடிந்த கையோடு அடுத்த லே-அவுட்டுக்குப் போய்விடுகிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், “அந்த லே-அவுட்டை இன்னும் எங்ககிட்ட ஒப்படைக்கலையே” என்று பதில் வருகிறது. குப்பை அள்ள ஆள் இல்லை, சாக்கடைக்கு வழியில்லை, போர் மோட்டாரைப் பழுது பார்க்க நாதியில்லை. வேறு வழியில்லாமல் நாலு பேர் கூடி ஒரு சங்கம் வைக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், நல்ல எண்ணத்தோடு தங்கள் நேரத்தைக் கொடுப்பவர்கள். அவர்களை இந்தத் தலையங்கம் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை ஒரு சங்கத்தின் தலையில் விழுந்த நாளிலேயே, உள்ளாட்சிக்கு இருக்கும் கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஒரு குட்டி அரசாங்கமும் அங்கே பிறந்துவிடுகிறது.

‘ஒப்படைக்கவில்லை’ என்ற பதிலை இனியும் ஏற்கக் கூடாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் சாலை போக மீதியில் பத்து சதவீத இடத்தையும், தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். இந்தப் பத்து சதவீத விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் உறுதி செய்தது. அப்ரூவல் இல்லாத பழைய மனைகளின் கதை வேறு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் மனைக்காரர்கள் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டினார்கள். ஆக, ஒன்று நிலம் உள்ளாட்சியின் கைக்குப் போயிருக்கிறது, இல்லையென்றால் பணம் போயிருக்கிறது. 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரி வேறு கூடியது. இத்தனையும் கட்டிய வீட்டுக்காரர், அதே தெருவிளக்குக்கும் அதே குப்பைக்கும் மாதாமாதம் சங்கத்துக்கும் கட்டுகிறார். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் காசு கொடுப்பவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்தச் சந்தா ரசீதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய சாதாரண பில் புத்தகம், தலைப்பில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பதிவு எண் இருக்க வேண்டிய இடம் காலி. எதற்காக என்ற கோட்டில் ‘பராமரிப்பு’ என்று ஒரே சொல். அடியில் பொருளாளரின் கையெழுத்து. வருடம் முழுக்க இப்படிச் சேரும் தொகை சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கிறதா, பொருளாளரின் சொந்தக் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டால், “எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று எதிர்க்கேள்வி வரும். கேட்டவர் அன்றிலிருந்து வம்புக்காரர். கணக்கு கேட்டவர் ஒரு பெண் என்றால், “கூட்டத்துக்கு வீட்டு ஆம்பளைய அனுப்புங்கம்மா” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கிறது, வரி ரசீதும் அவர் பெயரில்தான் வருகிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

நம்பிக்கையை வைத்துக் கணக்கை மூடி மறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிந்தால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் 36-ஆம் பிரிவின்படி மாவட்டப் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம், தாமாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? பதிவே செய்யாமல் வசூல் செய்யும் சங்கங்களைக் கேட்க ஆளே இல்லை என்பது இன்னும் மோசம்.

சந்தா கட்டாத வீட்டுக்குப் பொது போரிலிருந்து தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டும் பழக்கமும் இருக்கிறது. வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரருக்குக்கூட வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருக்க, பாக்கித் தொகைக்காக ஒரு குடும்பத்தின் குழாயை மூடும் துணிச்சல் சங்கத்துக்கு எங்கிருந்து வருகிறது? பாக்கியை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. வீட்டை விற்கப் போனால் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) தரமாட்டோம் என்பது இன்னொரு மிரட்டல். தனி வீட்டின் கிரயப் பத்திரத்தைப் பதிய நலச் சங்கத்தின் என்.ஓ.சி. தேவையே இல்லை. இதை உரக்கச் சொன்னாலே பாதி மிரட்டல் ஓய்ந்துவிடும்.

நாம் உண்மையில் அபாயச் சங்கு ஊதுவது பணத்துக்காக மட்டும் அல்ல. யார் இந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சங்கம் முடிவு செய்யத் தொடங்கியிருப்பதுதான் பேராபத்து. முதலில் அது சின்ன விஷயமாக வரும். நாய் வளர்க்கக் கூடாது என்பார்கள். பெரும்பான்மை முடிவு எடுத்தாலும் குடியிருப்புச் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. அடுத்து, கல்யாணமாகாத பையன்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பார்கள். அதற்கும் அடுத்தபடியில், விலை பேசி முடித்த மனைக்கு வாங்க வந்தவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரணை நடக்கும். சாதியின் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். “நம்ம ஆளுங்களுக்குள்ளயே குடுத்துரலாமே” என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். விற்பவரும் பயந்து பின்வாங்குவார். ஊருக்குள் தெரு பிரித்து வாழ்ந்த கொடுமையிலிருந்து தப்பித்து, யாரும் யாரையும் கேள்வி கேட்காத புது இடம் என்று நம்பிக் கடன் வாங்கி மனை வாங்க வருகிறவர், அதே பழைய எல்லைக்கோட்டை இங்கே புதிய கேட்டாகப் பார்க்கிறார்.

பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் சமூகப் புறக்கணிப்பையோ பொருளாதாரப் புறக்கணிப்பையோ சுமத்துவதும், சுமத்துவதாக மிரட்டுவதும் 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். சங்கக் கூட்டத் தீர்மானம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் குற்றம் குற்றமே.

இதில் கவனித்தாக வேண்டிய ஒரு தீர்ப்பு உண்டு. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று துணைவிதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமையை அது காரணமாகக் காட்டியது. அது ஒரு சிறு சமூகத்தின் கூட்டுறவுச் சங்கம், நம்முடைய நலச் சங்கங்களோடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரு துணைவிதி ஒருமுறை பதிவாகிவிட்டால் அதைப் பின்னால் உடைப்பது எவ்வளவு கடினம் என்று அது காட்டுகிறது. ஆகவே பதிவுக்கு வரும்போதே ஒவ்வொரு துணைவிதியையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்கா இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்ட நாடு. கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்து, அதைக் காப்பாற்ற அண்டை வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் ஏறிய காலம் அங்கே இருந்தது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அங்கே ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டுக்காரர் சங்கங்களின் கீழ் வாழ்கிறார்கள். சந்தா பாக்கிக்காக வீட்டையே ஏலம் விடும் அதிகாரம் பல மாநிலங்களில் அந்தச் சங்கங்களுக்கு உண்டு. டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் ஒரு ராணுவ அதிகாரி இராக்கில் பணியில் இருந்தபோது, ஏறத்தாழ 800 டாலர் பாக்கிக்காக, மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள அவருடைய வீடு 3,500 டாலருக்கு ஏலம் போனது. வழக்குப் போட்டுத்தான் அந்தக் குடும்பம் வீட்டை மீட்டது. நம் சங்கங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் இல்லாத அதிகாரமும் மெல்ல மெல்ல வந்துவிடும்.

பூங்காவுக்கென்று விட்ட இடத்தின் கதியையும் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு பிள்ளையார் சிலை, பிறகு தகரக் கூரை, பிறகு கும்பாபிஷேக வசூல், கடைசியில் சுற்றுச்சுவரும் பூட்டும். தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் எந்த மதத்தின் பெயராலும் புதிதாக வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப அனுமதிக்கக் கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பக்தியோடு இதற்குப் பகை எதுவும் இல்லை. அந்த இடம் உள்ளாட்சியின் சொத்து, பக்கத்துக் காலனிப் பிள்ளையும் வந்து விளையாட உரிமையுள்ள இடம். வாய்க்காலின் நிலைமையும் இதேதான். சாக்கடைக்கு வழி கேட்டால் உள்ளாட்சி கைவிரிக்கிறது. சங்கம் பள்ளம் தோண்டிப் பாசன வாய்க்காலில் கழிவுநீரைத் திருப்பிவிடுகிறது. கடைமடை விவசாயி அதை வயலில் வாங்குகிறார். அவரும் சங்கத்தை வெறுக்கிறார், அவர் அதில் உறுப்பினர்கூட இல்லை.

அடுக்குமாடி வீடுகளுக்கு 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சங்கத்தின் கடமையும் உரிமையும் அதில் எழுத்தில் இருக்கின்றன. தேனி மாவட்டத்தில் பெரும்பாலோர் வாழ்வது தனி மனைகளில். அவர்களுக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) கீழ் வரும் புதிய லே-அவுட்டுகளில், சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசிய வசதிகளைப் பராமரிப்பது புரமோட்டரின் கடமை, சங்கம் அமைய வழிசெய்வதும் அவர் கடமை. சென்னையில் இருக்கும் ரெரா ஆணையத்தோடு மல்லுக்கட்டக் கம்பத்தில் மனை வாங்கியவரால் எளிதில் முடியாது என்ற தைரியத்தில் அந்தக் கடமை காற்றில் பறக்கிறது. இதற்கு மாவட்ட ஆட்சியர் பொறுப்பெடுக்க வேண்டும். தனி மனைப்பிரிவுகளுக்கும் ஒரு மாதிரித் துணைவிதியை அரசு வெளியிட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அறிவிப்புப் பலகையில் மாதக் கணக்கு, குடிநீரை நிறுத்தத் தடை, விற்பனையிலும் வாடகையிலும் தலையிடத் தடை, இவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

உள்ளாட்சிகளுக்கு உடனடியாக ஒரு வேலை இருக்கிறது. தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஆறு நகராட்சிகளும், பேரூராட்சிகளும், ஊராட்சிகளும் தங்கள் எல்லைக்குள் தானப் பத்திரமாக வந்த சாலைகள், பூங்கா இடங்கள் அத்தனையையும் புல எண்ணோடு பட்டியலாக வெளியிட வேண்டும். ஊராட்சிகளுக்குக் கிராம சபை இருக்கிறது. நகர்ப்புறத்தில் 2022 நவம்பர் 1-இல் தொடங்கிய பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பட்டியலை மக்கள் முன் வாசிக்க வேண்டும். எந்தத் தெருவின் விளக்கும் குப்பையும் எந்தத் தேதியிலிருந்து உள்ளாட்சியின் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். வீட்டுக்காரர்களும் அன்று வீட்டில் இருந்துவிடாமல், ஆணும் பெண்ணுமாகப் போய்த் தங்கள் தெருவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.