போர்க்காலத் தலைமுறையும் மறைந்திருக்கும் இருதயத் துவாரமும்

போர் விட்டுச்சென்ற பாதிப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிபவையல்ல. இருதயத்தின் மேலறைகளைப் பிரிக்கும் சுவரில் துவாரத்துடன் பிறந்து, அதனை அறியாமலேயே முப்பது, நாற்பது வயதைக் கடப்போர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். ஆயினும், யாழ். குடாநாட்டில் இப்பிரச்சினைக்குத் தனியானதொரு பின்னணி உண்டு.

1990களில் இங்கு பிறந்த குழந்தையொன்றை இருதய நிபுணரிடம் காட்டுவதாயின், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கே செல்ல வேண்டியிருந்தது. பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து உயிரைப் பணயம் வைத்தே மக்கள் பயணித்தனர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்து முகாம்களிலும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தென்மராட்சியிலும் வன்னியிலும் வளர்ந்தனர். அன்றைய அப்பிள்ளைகளே இன்றைய பெற்றோர்.

இத்துவாரத்தினூடாக இடப்புறக் குருதி வலப்புறம் கசிந்து, நுரையீரலுக்கு மேலதிக சுமையை ஏற்படுத்துகின்றது. பல்லாண்டுகள் அறிகுறி எதுவும் தோன்றாதிருக்கலாம். பின்னரே களைப்பு, மூச்சுத்திணறல், ஒழுங்கற்ற நாடித்துடிப்பு என்பன தலைகாட்டுகின்றன. ஆண்களை விடப் பெண்களிடமே இக்குறைபாடு அதிகம். கர்ப்ப காலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்படுவோரும் உளர். இரத்தச்சோகை என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணி வாளாவிருந்து விடுவதே ஆபத்தானது.

நெஞ்சைப் பிளக்காமலே இதனை அடைக்க இன்று வழியுண்டு. தொடையிலுள்ள நாளத்தினூடாகக் கதீற்றர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு தட்டுகளைக் கொண்ட உலோக வலையால் துவாரத்தை மூடுகின்றனர். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய இம்முயற்சி, 2001 இல் அம்பிளாற்சர் கருவிக்கு அந்நாடு அனுமதி வழங்கிய பின்னர் பரவலாயிற்று. ஆயினும், சுவரின் நடுப்பகுதியில், போதிய விளிம்புடன் அமைந்த துவாரங்களுக்கே இது பொருந்தும்; ஏனையவற்றுக்குச் சத்திரசிகிச்சையே வழி. நுரையீரல் நாடியின் அழுத்தம் எல்லை மீறிவிட்டாலோ, துவாரத்தை மூடுவதே உயிராபத்தாகிவிடும். ஆகவே, காலந்தாழ்த்தாது கண்டறிதலே சிகிச்சையின் முதற்படியாகும்.

ஏ-9 வீதி இன்று திறந்திருக்கின்றது. யாழ். போதனா வைத்தியசாலையில் இருதய சிகிச்சைப் பிரிவும் இயங்குகின்றது. எனினும், பருத்தித்துறையிலோ ஊர்காவற்றுறையிலோ வாழும் ஒரு தாயின் இருதயத்தில் எழும் மாறுபட்ட ஒலி முதலில் அவ்வூர்க் கிளினிக்கிலேயே கேட்கப்பட வேண்டும். சந்தேகம் எழுந்தவுடன் எக்கோ பரிசோதனைக்கு அனுப்பும் ஒழுங்கு ஆதார வைத்தியசாலைகள் தோறும் உறுதிப்படுத்தப்படல் வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருத்துவ உபகரணங்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு மீண்டும் நேராதிருக்க, இறக்குமதியாகும் இக்கருவிகளுக்கும் முன்கூட்டியே நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

திருமணம் தடைப்படுமென அஞ்சிப் பெண் பிள்ளைகளின் இருதய நோயை மறைக்கும் போக்கையும் நமது சமூகங்கள் கைவிட வேண்டும். மறைக்கப்படும் துவாரம் தானாக மூடிக்கொள்வதில்லை. போரினால் இழந்த காலத்தை மீட்க முடியாது. எஞ்சியுள்ள காலத்தையேனும் இழக்காதிருப்பது அதிகாரிகளினதும் குடும்பங்களினதும் கடமையாகும்.