நாற்பது ஆண்டு கவுன்சிலர்

திருப்பதி நகராட்சி 1886இல் அமைந்தது. 2007இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அந்த மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்ததோ 2021 மார்ச்சில்தான். இடையில் பதினான்கு ஆண்டுகள், சாக்கடை அடைத்தாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் உரிமையோடு கேட்க வார்டில் ஆளில்லை. தனி அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள்.

இந்த இழப்பின் அளவு, திருப்பதியும் சித்தூரும் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்துக் கவுன்சிலர் ஒருவரைப் பார்த்தால் விளங்கும். பிட்டி தியாகராயர் 1882இல் சென்னை மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர்; ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். 1920இல் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடிவந்தது. வேண்டாமென்றார், சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், மாநகராட்சித் தலைவராகத் தியாகராயர் கொண்டுவந்த யோசனையால் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கிடைத்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்குள் செலவு. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போயிற்று. 1925இல் அரசு அந்தச் செலவுக்கு அனுமதி மறுக்கவே, திட்டம் நின்றது. ஆனாலும் தமிழ்நாட்டின் சத்துணவு வரலாறு இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பசித்த பிள்ளை படிப்பைத் தொடராது என்பதைக் கோட்டையிலிருந்த அமைச்சர்களுக்கு முன்பே உணர்ந்து செயல்பட்டது மாநகராட்சி மன்றம்.

அப்படி ஒருவர் உருவாக மன்றம் இடைவிடாமல் இயங்க வேண்டும். தியாகராயரின் சென்னையிலேயே 1973இல் மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தல் இல்லை. ஒரு தலைமுறையே வார்டு அரசியலில் பழகாமல் போயிற்று. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 74ஆவது திருத்தம். அது வந்த பிறகும் சென்னை 2016 முதல் 2022 வரை மன்றமின்றி இருந்தது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுப் பட்டியல், வழக்கு என்று காரணங்கள் அடுக்கப்படும். வார்டில் வேரூன்றிய கவுன்சிலரை எம்.எல்.ஏ.க்கள் விரும்புவதில்லை என்பதே என் கணிப்பு.

திருப்பதியில் தேர்தல் வந்தபோதும் ஐம்பது வார்டுகளில் 22இல் போட்டியே இல்லை. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 48 இடங்களைப் பிடித்தது. தெலுங்கு தேசத்துக்கு ஒன்று. மாநில ஆட்சி மாறிய பின், 2025 பிப்ரவரியில் அந்த ஒருவரே துணை மேயரானார். மாநகராட்சி மன்றத்துக்காக வார்டு மக்கள் இடையில் மீண்டும் வாக்களிக்கவில்லை.

கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துவருகிறது. அங்கே வார்டு எல்லைகளை வரையும் ஆணையத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையரே தலைவர். வார்டு வரையறையை ஆந்திரமும், இடஒதுக்கீட்டுச் சுழற்சியை ஆந்திரமும் தமிழ்நாடும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்துச் சட்டம் இயற்ற வேண்டும்.