பதினான்கு கோழிக்கு ஒரு புட்டி



சென்ற குளிர்காலத்தில் நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாரம் முட்டையும் இல்லை; கோழியும் இல்லை. பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்திருந்தது. பருப்பும் சப்பாத்தியுமாக மேசையைச் சுற்றி அமர்ந்து நாம் நாட்டு நடப்பைப் பேசினோம். "மருந்துதான் கண்டுபிடித்தாகிவிட்டதே! எல்லாக் கோழிக்கும் ஊசியைப் போட்டால் தீர்ந்தது. அரசாங்கம் ஏன் தூங்குகிறது?" என்று கேட்டார் ஒரு நண்பர். எல்லோரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். அன்றிரவு படுத்த பிறகு அந்தத் தலையசைப்பை நினைத்து வெட்கப்பட்டேன். எல்லாக் கோழிக்கும் ஊசி என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை அறிந்தவன் நான். என் அம்மாவின் பஞ்சாரம் எனக்கு அதைக் கற்பித்திருக்கிறது.

அம்மா வளர்த்தவை பதினான்கு கோழிகள். நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் புறப்பட்டபோது ரயில் கட்டணத்தில் ஒரு பங்கைத் தந்தவை அவை. அடுத்த ஆண்டு தை மாதத்தில், கோடைக்கு முன் தடுப்பூசி போட்டுவிடலாம் என்று அம்மா அருகிலிருந்த கால்நடை மருந்தகத்துக்கு நடந்து சென்றார். அங்கிருந்தவர் நல்லவர். "புட்டியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கிறது, அம்மா. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். உங்கள் பதினாலுக்காக உடைத்தால் மீதி வீண். தெருவில் நூறு கோழி சேருங்கள், வருகிறேன்" என்றார். "சரி ஐயா" என்று அம்மா திரும்பினார். தெருவெல்லாம் சொன்னார். ஒருத்தி களை எடுக்கப் போயிருந்தாள்; இன்னொருத்தியின் கோழிகள் விடியுமுன்பே மேயப் போய்விட்டன. நூறு சேரவில்லை. சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. முதல் நாள் ஒரு கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றது. ஐந்தாம் நாள் பஞ்சாரத்தில் இரண்டே மிச்சம்.

அவர் சொன்னதும் சரி. அம்மா செய்ததும் சரி. கோழிகள் மட்டும் செத்தன. அப்படியானால் பிழை எங்கே? அந்தப் புட்டியின் அளவில் இருக்கிறது என்பேன்.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு நாடெங்கும் ராணிக்கேத் நோய் என்று பெயர். இந்தியாவில் 1920-களின் பிற்பகுதியில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குமாவோன் மலையூரின் பெயர் அது. நோய் வந்தபின் அதற்கு மருத்துவம் கிடையாது. முன்னதாகத் தடுப்பதே வழி. அந்தத் தடுப்பு மருந்தும் அதே மலைநாட்டில், முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில், 1940-களிலேயே உருவாயிற்று. ஏறக்குறைய எண்பது ஆண்டு! தமிழ்நாட்டிலோ ராணிப்பேட்டையில் 1932 முதலே கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்கி வருகிறது. மருந்து உண்டு, மருந்து செய்யும் நிலையம் உண்டு, விலையும் சொற்பம். ஆயினும் பதினான்கு கோழிக்கு அது எட்டவில்லை.

நான் பயில்வது பொருளாதாரம். எங்கள் பாடத்தில் பேரளவின் சிக்கனம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. நாமக்கல் பண்ணையாளர் ஆயிரம் கோழிக்குரிய புட்டியை உடைத்துக் குடிநீரில் கலக்கிறார். கோழி ஒன்றுக்குச் செலவு சில காசு. வீண் என்பதே இல்லை. குளிர்பதனப் பெட்டியும் பண்ணையிலேயே இருக்கிறது. அதே புட்டி என் தெருவுக்கு வந்தால் பனிக்கட்டிப் பெட்டி வேண்டும், ஊசி போடும் ஆள் வேண்டும், விடியற்காலையில் வீடு வீடாகக் கோழி பிடிக்க வேண்டும். மருந்தின் விலை ஒன்றுதான். அதை வாசல் வரை கொண்டுவரும் விலைதான் மலைக்கும் மடுவுக்குமாக நிற்கிறது.

"நாலு கோழி வளர்ப்பதெல்லாம் ஒரு தொழிலா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டிலிருந்த 85 கோடிப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி கொல்லைப்புறத்தில் வளர்ந்தவை. 2012-க்கும் 2019-க்கும் இடையே அந்தத் தொகை 45 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அவற்றைப் பெரும்பாலும் பேணுகிறவர்கள் பெண்கள். வங்கிக்குப் போகாத சேமிப்பு அது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்குப் பணம் கட்டினாலும் முதலில் அவிழ்வது கோழியின் கால்கட்டுதான்.

இனி நண்பர் கேட்ட பறவைக் காய்ச்சலுக்கு வருகிறேன். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அது நம் நாட்டில் முதலில் வெளிப்பட்டது. அன்று முதல் அரசினர் கையாண்ட முறை, நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள பறவைகளைக் கொன்று, உரியவருக்கு இழப்பீடு தருவது. 2008-இல் மேற்கு வங்கத்தில் இப்படி அழிக்கப்பட்டவை 40 லட்சத்துக்கு மேல். பல கிராமங்களில் வீட்டுக் கோழிகளே பலியாயின. கொல்ல வந்தவர்களுக்குத் தெரியாமல் கோழிகளை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. அவர்களை அறிவிலிகள் என்று ஏச எனக்கு மனம் வரவில்லை. சேமிப்பைப் பறிகொடுக்க யார்தான் முன்வருவர்?

அப்படியானால் ஊசி போடலாமே என்றால், அரசினரின் தயக்கத்திலும் பொருள் உண்டு. ஊசி போட்ட கோழி நோய் காட்டாமலே கிருமியைச் சுமந்து பரப்பக்கூடும். கிருமி அடிக்கடி உருமாறும். மருந்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பிற நாட்டு வணிகமும் தடைப்படலாம். சீனமும் வியட்நாமும் நெடுநாளாக ஊசி போடுகின்றன. பிரான்சு 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. நம் போபால் ஆய்வு நிலையமும் எச்9என்2 என்னும் வீரியம் குறைந்த வகைக்கு ஒரு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கொடிய எச்5என்1 வகைக்கு ஊசி வேண்டுமா என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன்.

நான் கேட்பது வேறு. நாளையே அந்த மருந்து வந்தாலும் அது எந்த வழியாக என் தெருவுக்கு வரும்? எகிப்து நாடு 2006-இல் வீட்டுக் கோழிகளுக்கும் இலவசமாகவே ஊசி போட முனைந்தது. போதிய கோழிகளை எட்ட முடியாமல் 2009-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. மருந்து இருந்தும், பணம் கேட்காதிருந்தும், பாதை இல்லாததால் வந்த தோல்வி அது. பண்ணைக்கு மட்டும் எட்டும் மருந்து ஊருக்குப் பாதிக் காவலே.

மேலும் ஒன்று. பறவைக் காய்ச்சலும் வெள்ளைக் கழிச்சலும் பார்வைக்கு அண்ணன் தம்பி. இரண்டிலும் கோழிகள் கூட்டமாகச் சாகும். ஆண்டுதோறும் கழிச்சலில் கோழி சாவதைப் பார்த்துப் பழகிய ஊரில் பறவைக் காய்ச்சல் புகுந்தால் யார் ஐயப்படுவார்? "வழக்கமான கழிச்சல்தான்" என்று புதைத்துவிடுவார்கள். மிஞ்சியதைச் சந்தையில் தள்ளிவிடுவார்கள். கழிச்சலைத் தடுத்துவிட்ட ஊரிலோ, பத்துக் கோழி ஒரே நாளில் விழுந்தால் ஊரே பதறும். செய்தி உடனே மேலிடம் போகும். பழைய ஊசியை ஒழுங்காகப் போடுவதே புதிய நோய்க்கு வைக்கும் முதற் காவல் அன்றோ?

இது முடியாத காரியமும் அன்று. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து ஸ்பிராட்புரோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் வெப்பத்தை ஓரளவு தாங்கும் கழிச்சல் மருந்து ஒன்றை உருவாக்கினர். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் கிராமத்தவரே பயிற்சி பெற்று, சிறு கூலி வாங்கிக்கொண்டு, அதை வீடு வீடாகச் சென்று விட்டுவந்தார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் ஊர்க்கோழி கொத்தித் தின்னும்படி குருணை வடிவில் ஒரு மருந்து செய்திருக்கின்றனர். அறிவுக்குப் பஞ்சமில்லை; ஊர் வரை வரும் ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. இருபது, முப்பது கோழிக்குரிய சிறு புட்டிகள் வர வேண்டும். மகளிர் குழுவில் ஊருக்கு ஒருத்தி சொட்டு மருந்து விடப் பயிற்சி பெற வேண்டும். கோழி ஒன்றுக்கு ஒரு சிறு தொகை அவளுக்குக் கூலியாகட்டும். கோழிச் சாவை மேலிடத்துக்கு அறிவிக்கும் பொறுப்பும் அவளிடமே இருக்கட்டும். தன் கோழிக்கு மருந்து விட்ட கையை நம்பி ஊரார் உண்மை சொல்வர். மூன்றாவதாக, கோழியைக் கொன்றால் இழப்பீடு கையோடு வர வேண்டும். அப்போது ஒளித்து வைக்க யாருக்கும் தேவை இராது.

நண்பர்களே! நம்மில் பலர் கொல்லையில் கோழி கூவக் கேட்டு எழுந்தவர்கள். அரசாங்கம் தூங்குகிறது என்று இங்கே உட்கார்ந்து சொல்வது எளிது. தமிழ்நாட்டில் பிப்ரவரித் திங்களில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் இரு வாரம் நடத்துவது வழக்கம். அடுத்த முறை வீட்டோடு தொலைபேசியில் பேசும்போது, முகாம் நம் ஊருக்கு எந்த நாள் வருகிறது என்று விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னிரவே கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லச் சொல்லுங்கள். நூறு சேர்ந்தால் அந்தப் புட்டி உடையும்.

என் அம்மாவிடம் இப்போது ஒன்பது கோழிகள் இருக்கின்றன. மிஞ்சிய இரண்டிலிருந்து பெருகியவை. இந்த ஆண்டு தெருவில் நூறு சேர்க்கும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன். இதுவரை அறுபத்து மூன்று சேர்ந்திருக்கின்றன.