கட்டுத்துவக்கு தற்பாதுகாப்பு ஆகாது



பெரும்போகம் தொடங்கப் போகிறது. விதைப்பு முடிந்தால் வட்டைக்குள் பன்றி இறங்கும். தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் பழைய கதை திரும்பவும் கேட்கிறது: "எங்கட வேளாண்மைய நாங்கதானே காப்பாத்தணும். சட்டத்திலயே தற்பாதுகாப்பு உரிமை இருக்கு. துவக்கக் கட்டினா என்ன பிழை?"

இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார்தான். ஆனால் சொல்வது பிழை. சட்டப்படியும் பிழை, மார்க்கப்படியும் பிழை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தற்காப்பு உரிமை நமது தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. அதை வாசிக்காமலேதான் பலர் "உரிமை, உரிமை" என்கிறார்கள். அந்த உரிமை, குற்றம் செய்ய வரும் மனிதனுக்கு எதிராக உங்கள் உடலையும் பொருளையும் காப்பதற்காகத் தரப்பட்டது. பொலிஸாரின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவை விட அதிகமான தீங்கு செய்யவும் கூடாது. பொருளைக் காப்பதற்காக உயிரை எடுக்க நேர்ந்தால், கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்ற மிகச் சில சந்தர்ப்பங்களில் மட்டுமே சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

இப்போது உங்கள் துவக்கை இந்தச் சட்டத்தின் முன் வையுங்கள். நெல் தின்னும் பன்றி தண்டனைச் சட்டத்தில் குற்றவாளி இல்லை. இரவு தண்ணீர் திறக்க வரம்பில் நடந்து வரும் பக்கத்து வயல்காரரும் குற்றவாளி இல்லை. மரத்தில் கட்டிய துவக்கு யார் வருகிறார் என்று பார்க்காது, "யாரது?" என்று கேட்காது, வானத்தை நோக்கி ஒரு எச்சரிக்கை வெடி வைக்காது. அது வெடிக்கும் நேரம் நீங்கள் வீட்டில் பாயில் படுத்திருக்கிறீர்கள். உங்கள் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாத நேரத்தில் இன்னொருவரின் உயிர் போனால், அதை எந்தச் சட்டத்தரணி தற்பாதுகாப்பு என்று நீதவானிடம் சொல்ல முடியும்? கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் 298 ஆம் பிரிவில் வரும். அதைவிடப் பாரதூரமான குற்றச்சாட்டும் வரலாம்.

"என்னிடம் லைசன் இருக்கு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் அந்தப் பத்திரம், ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துவக்குக்குத் தரப்படுவது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் துவக்கைப் பற்றைக்குள் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக அதில் அனுமதி இல்லை. குழலை வெட்டிக் குட்டையாக்குவது, ஊர்க் கொல்லனிடம் கொடுத்து விசையை மாற்றுவது, பழைய இரும்புக் குழாயில் புதிதாக ஒன்று செய்விப்பது எல்லாம் தனிக் குற்றங்கள். துவக்கு செய்வதற்கும் திருத்துவதற்கும் கூட வேறு அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் கையைப் பற்றியாவது யோசியுங்கள். துவக்குக் குழல் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. பட்டறையில் கைவைத்த பிறகு எதைத் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. குழல் பிளந்தால் முதலில் போவது சுடுபவரின் விரலும் கண்ணும்தான்.

கட்டுத்துவக்கு பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதனுக்குக் காலில்தான் படுகிறது. முழங்காலும் தொடையும் சிதறும். நடு இரவில், நடு வட்டையில், இரத்தம் ஓட ஓட உழவு மெஷினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தூரத்தை நினைத்துப் பாருங்கள். உயிர் தப்பினாலும் கால் தப்புமா என்பது சந்தேகம். விறகுக்குப் போகும் தாய், மாடு தேடிப் போகும் பையன், தேன் எடுக்கப் போகிறவர் என்று யாரும் படலாம். கட்டிய இடத்தை மறந்துபோய்க் கட்டினவரே மாட்டுவதும் உண்டு.

2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று தனிநபர்களுக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது நினைவிருக்கும். அனுமதியோடு கொடுத்ததையே திருப்பிக் கேட்டது அரசாங்கம். அனுமதி இல்லாமல் மரத்தில் கட்டியதை நீதிமன்றம் உரிமை என்று ஏற்கும் என்றா நினைக்கிறீர்கள்?

மார்க்கத்தைப் பற்றி நீளமாகப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மக்தபில் படித்தோம். பொதுவழியில் குழி தோண்டி அதில் ஒருவர் விழுந்தால் தோண்டியவரே பொறுப்பு என்று ஃபிக்ஹ் சொல்கிறது. நாம் முள்ளை அகற்றுவதற்குப் பதிலாக, மனிதர் நடக்கும் வரம்பில் வெடியைக் கட்டிவிட்டு இஷா தொழப் போகிறோம்.

விவசாயியின் வலி எனக்குத் தெரியாததல்ல. கடன் வாங்கி விதைத்த வயல் ஒரே இரவில் உழுதது போலக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். நட்டஈடு கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். யானைவேலி போட்டதோடு சரி, பராமரிக்க ஆளில்லை. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். 2020 டிசம்பரில் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தேசியச் செயற்திட்டத்தைக் கையளித்தும், இத்தனை சாவுக்குப் பிறகும், அதை முழுமையாக நடைமுறைப்படுத்தாத அரசாங்கங்கள்தான் முதல் பொறுப்பாளிகள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்துக்குப் பக்கத்து வயல்காரரின் கால் விலையா?

செய்யக்கூடியவை இருக்கின்றன. விதைக்கும்போது போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கும் வயல் மின்வேலியை, விவசாயிகளே கூட்டாகப் பராமரித்து யானையைத் தடுத்த ஊர்கள் இந்த நாட்டில் உள்ளன. அது அதற்கென்று செய்த கருவியோடு, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுச் செய்யும் வேலி. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது இன்னொரு கொலைப்பொறி. பன்றிக்கு முறை வைத்துக் காவல், வாடி, வலைவேலி. நம் வாப்பாமார் காவல் பாட்டுப் பாடி விழித்திருந்த வட்டைதானே இது? இன்று ஆளுக்கொரு துவக்கைக் கட்டிவிட்டுத் தூங்குகிறோம்.

எனக்கு இதைவிட ஆத்திரம் நம் மௌனத்தின் மீதுதான். எங்கே கட்டியிருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். "சேர், அந்தப் பக்கம் போகாதீங்க" என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாராவது விழுந்த மறுநாள், கட்டினது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பெரியவர்கள் கூடி ஒரு தொகை பேசிச் சமாதானம் செய்கிறார்கள். அடுத்த போகத்தில் அதே இடத்தில் அதே துவக்கு.

விவசாய அமைப்புகளுக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் தண்ணீர், பசளையோடு இதையும் பேசுங்கள். கட்டியவர்கள் கழற்ற ஒரு நாளைக் குறியுங்கள். அதற்குப் பிறகும் கட்டுபவரைக் காப்பாற்ற ஊர் வராது என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்.