இறக்குமதி குற்றமல்ல

2021 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட பட்ஜெட், தமிழ்நாட்டின் வயிற்றில் அடிக்கும் இரண்டு வரிகளைக் கொண்டுவந்தது. இறக்குமதியாகும் தோலுக்கு 10 சதவீதம். பருத்திக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீதம். தோல் இங்கேயே போதிய அளவில், நல்ல தரத்தில் கிடைக்கிறது என்று அன்று காரணம் சொன்னார்கள். 2025 பட்ஜெட்டில் அதே நிதியமைச்சர் 'வெட் புளூ' தோலுக்கான வரியை நீக்கினார். இங்கே உற்பத்தியும் வேலைவாய்ப்பும் பெருகுமாம். அப்படியென்றால் இடையில் போன நான்கு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? பட்ஜெட் உரையில் விடை இல்லை. இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

விவரம் தெரியாமல் செய்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் அடையாறில்தான் இருக்கிறது. அங்கே கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். ஆட்டுத்தோலில் நமக்குக் கை ஓங்கியிருக்கிறது. ஷூவின் மேற்பகுதிக்கு வேண்டிய அகலமான, வடு இல்லாத மாட்டுத்தோல் நம்மிடம் குறைவு. ஏர் உழுது, வண்டி இழுத்து, முள்வேலியில் உரசி மூப்படைகிற மாட்டின் தோலில் அந்தப் பாடெல்லாம் எழுதியிருக்கும். பிரேசில், அமெரிக்கா போன்ற நாடுகளில் இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கிறார்கள்; நல்ல தோல் அங்கே ஏராளம். குரோமியத்தில் பதனிடப்பட்டு ஈரமும் நீல நிறமுமாக வந்து இறங்கும் அந்த 'வெட் புளூ' தோலை ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகள் மேலும் பக்குவப்படுத்துகின்றன. ஷூ கம்பெனிகளில் பெண்கள் அதைத் தைக்கிறார்கள். அது காலணியாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. உள்ளே வரும் தோலுக்குப் போடும் வரி அந்தப் பெண்களின் கூலிக்குப் போடும் வரி. ஏற்றுமதியாளர்களுக்குச் சலுகைத் திட்டங்கள் உண்டே என்பார்கள். உண்டுதான். பெரிய கம்பெனியில் அதைப் பார்க்கத் தனி ஆள் இருப்பார். சின்ன டேனரிக்காரர் தோலைப் பார்ப்பாரா, ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவாரா?

இறக்குமதி எப்படி லாபமாகும் என்ற கணக்கைப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே போட்டுக் காட்டிவிட்டார். அவருடைய உதாரணத்தில், ஒரே அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு 100 ஆள் வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 போதும். ஒயினுக்கு இங்கிலாந்தில் 120 ஆள், போர்ச்சுகலில் 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியும் 80 ஆள் உழைப்பில் ஒயின் செய்து கொடுத்துத் துணியை வாங்கினால், அதற்குப் பத்து ஆள் உழைப்பு மிச்சம். 100 ஆள் உழைப்பில் துணி நெய்து கொடுத்து ஒயின் வாங்கும் இங்கிலாந்துக்கு இருபது ஆள் மிச்சம். நம்மால் முடியுமா என்பது இங்கே கேள்வியே அல்ல. அதே ஆட்களைக் கொண்டு வேறு எதைச் செய்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. இருநூறு ஆண்டுப் பழைய இந்தப் பாடம் டெல்லியின் வரிப் பட்டியலுக்கு இன்னும் எட்டவில்லை.

பருத்தியில் நடந்தது இன்னும் கேவலம். நாட்டின் நூற்பாலைகளில் பாதிக்கு அருகில் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பஞ்சில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை. 2022-ல் வரியைச் சில மாதம் நிறுத்தினார்கள், மறுபடி போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 19-ல் மீண்டும் நிறுத்தினார்கள், செப்டம்பர் 30 வரைக்கும் மட்டும். ஆர்டர் கொடுத்த பஞ்சு கப்பலில் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடும் என்பது அறிவிப்பை எழுதியவருக்குத் தெரியாதா? பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். பஞ்சு அனேகமாக விளையவே விளையாத பங்களாதேஷ், ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. திருப்பூர் போட்டி போடுவது அந்த நாட்டோடு.

விவசாயி என்ன ஆவார் என்ற கேள்வி நியாயமானது. அவருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது, இந்தியப் பருத்திக் கழகம் இருக்கிறது; கொள்முதல் ஒழுங்காக நடக்கட்டும். ஹெக்டேருக்கு 450 கிலோ அளவில் நிற்கும் நம் விளைச்சலைப்போல் பிரேசிலில் மூன்று மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். விதைக்கும் பாசனத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அந்தப் பொறுப்பைச் சுங்க அதிகாரியின் தலையில் கட்டுவது ஏமாற்று வேலை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றின் மேல் 50 சதவீத வரி போட்டபோது டெல்லி அநியாயம் என்றது. அநியாயம்தான். இறக்குமதி செய்வதே நஷ்டம் என்று வாஷிங்டன் போட்ட தப்புக் கணக்கைத்தானே நாமும் பஞ்சிலும் தோலிலும் போட்டோம்?

தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டேனரிக் கழிவால் பாலாறு பாழானதை 1996-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆற்றையும் கிணற்றையும் இலவசமாக எடுத்துக்கொண்டு வரும் விலைக் குறைவை அனுகூலம் என்று சொல்லக் கூடாது. வரி விலக்கு கேட்பவர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் முழுச் செலவையும் ஏற்க வேண்டும்.

மத்திய நிதியமைச்சகம் பருத்தி இறக்குமதி வரியைக் கெடுத் தேதி போடாமல் நிரந்தரமாக நீக்க வேண்டும். மூலப்பொருளுக்கு இனி எந்த வரி போடுவதானாலும், அதை வாங்கித் தொழில் செய்யும் ஊர்களைக் கேட்ட பிறகே போட வேண்டும். 2021-ல் தோலுக்கு அந்த வரியை எந்தக் கணக்கை வைத்துப் போட்டார்கள் என்பதை நாடாளுமன்றத்தில் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி பாராமல் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.